ஸ்டிக்கர் பொட்டும் மண்ணெண்ணெயும்

தொண்ணூறுகளின் நடுவில் என்னுடைய உத்தியோகம் ஸ்டிக்கர் ஒட்டுவது. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சின்ன பம்ப்செட் கம்பெனி. பெயிண்ட் காய்ந்து வரும் ஒவ்வொரு மோட்டாரின் மேலும் கம்பெனி ஸ்டிக்கரைக் கோணாமல் வைத்து, உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்து, அட்டைப்பெட்டிக்கு அனுப்பவேண்டும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் போனவனை முதலில் அசெம்பிளியில்தான் போட்டார்கள். நான் வயர் கொடுத்த மோட்டார்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றின. மேஸ்திரி திட்டவில்லை. ஒரு ஸ்டூலையும் ஸ்டிக்கர் கட்டையும் கொடுத்து மூலையில் உட்காரவைத்துவிட்டார். வீட்டில், பேக்கிங் செக்‌ஷன் முழுக்க என் பொறுப்பு என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லை. அந்த செக்‌ஷனில் நானும் ஸ்டூலும்தான் இருந்தோம்.

இந்த உத்தியோகப் பெருமையால்தான் அக்காவின் பீரோ என் தலையில் விழுந்தது.

அக்காவைப் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், ஆனைமலை போகிற வழியில் ஒரு தென்னந்தோப்புக்காரருக்குக் கொடுத்திருந்தோம். மச்சான் நல்ல மனிதர். என் ஜோக்குக்குச் சிரிக்கமாட்டார். ஆனால் ஜோக் முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்துபோவார். கல்யாணமாகி அதிக வருஷம் ஆகவில்லை. ஐப்பசி மழையில், தரையெல்லாம் தண்ணீர் நின்ற மோட்டார் ரூமுக்குள் வெறுங்காலோடு போய் ஸ்டார்ட்டரைத் தொட்டிருக்கிறார். தோப்பில் ஆட்கள் இருந்தும் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் நேராக மோட்டார் ரூமுக்குப் போய், மோட்டாரின் மேல் யாருடைய ஸ்டிக்கர் என்று பார்த்தேன். எங்கள் கம்பெனி இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. என் மூளை எந்த வரிசையில் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

காரியங்கள் முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தை இல்லை. வெளிறிய நிறத்தில் ஒரு சீலை, வெறும் கழுத்து, வெறும் நெற்றி. பேசாமல் இருந்தாள் என்று சொல்லமுடியாது. சோறு போடட்டுமா என்றால் சரிங்மா என்பாள். போதுமா என்றால் போதுங்மா. கேட்டதற்கு மேல் ஒரு சொல் வராது. என்னை ஒரு நாளைக்கு நூறு தரம் 'லூசு' என்று கூப்பிட்டு வளர்த்தவள், 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அதைவிடப் பயமான விஷயத்தை நான் கேட்டதில்லை.

வந்த முதல் வாரத்தில், காய்ந்த துணியை மடித்துக்கொண்டே அம்மாவிடம் ஒன்று சொன்னாள். "நானும் அன்னைக்கே கூடப் போயிருக்கோணுங்மா." துணி மடிக்கிற கை நிற்கவில்லையாம். அம்மா அதே துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு காவல் காக்கிற வீடானது. ரேஷனில் வாங்கிவைத்திருந்த மண்ணெண்ணெய்க் கேனை அம்மா முந்தானையில் மறைத்துப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். ஒரு கேனை முந்தானையில் மறைக்கமுடியாது, தெருவே பார்த்தது, ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருஷங்களில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்று பேப்பரில் அடிக்கடி வரும். ஸ்டவ் வெடிக்கவில்லை என்பது அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். குளியலறைத் தாழ்ப்பாளை அம்மா சொல்லி நான்தான் கழற்றினேன். துருப்பிடித்துவிட்டது, புதுசு வாங்கவேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். 'சரி தம்பி' என்றாள். அக்கா குளிக்கும்போது அம்மா வெளியே நின்று வெங்காயம் உரிப்பாள். சொம்பிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனால் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் தேவைக்கு மேல் வெங்காயம் உரிக்கப்பட்டது.

அப்பா மில்லில் பகல் ஷிஃப்ட். வீட்டில் இருக்கும் நேரத்தில் அக்காவின் அறைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். பக்கம் திரும்பாது. அம்மாவின் நெற்றியில் இருந்த குங்குமம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் கொசு கடித்த தடம்போல ஆகிவிட்டது. மகள் முன்னால் பெரிதாக வைத்துக்கொண்டு நிற்க அவளுக்குக் கூசியது. முழுக்க அழிக்கவும் முடியாது; அப்பா உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மாதம் ஒன்று போனதும் அக்காவுக்குக் கொடுத்த சீரெல்லாம் ஒரு டெம்போவில் திரும்பி வந்தது. கட்டில், பாத்திரம், மிக்ஸி, பீரோ. எங்கள் பக்கத்தில் பெண்ணை அனுப்பும்போது ஊரே வந்து நின்று சீரைப் பார்க்கும். திரும்பி வரும்போது பார்க்க ஆள் இருக்காது. கதவு இடுக்குகளில் மட்டும் கண் இருக்கும். பீரோவைப் பழைய சீலையால் சுற்றிக் கயிறு போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். சில வாரங்களுக்கு முன்னால் தூக்கிய இன்னொன்றின் ஞாபகம் வந்தது. டிரைவரும் நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து இறக்கினோம்.

சீலையைப் பிரித்தவுடன் பெரியம்மா, 'இது ஆகாது' என்றாள்.

பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவள். பெரியப்பா போய் வெகு காலமாகிவிட்டது. சத்தியமங்கலத்திலிருந்து, அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒத்தாசையாக வந்திருந்தாள். அவள் காட்டிய இடம் பீரோக் கதவில் இருந்த ஆளுயரக் கண்ணாடி. அதில் அக்காவின் பொட்டுகள் ஒட்டியிருந்தன. ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற எல்லாப் பெண்களும் செய்வதுதான். படுக்கும்போது நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, காலையில் கட்டுகிற சீலைக்குத் தகுந்ததை எடுத்து வைத்துக்கொள்வது. பசை போனது கண்ணாடியிலேயே தங்கிவிடும். அரக்குச் சிவப்பில் பெரிய வட்டங்கள், கறுப்பில் துளி வடிவம், பச்சையில் கடுகளவு. எல்லாம் அக்காவின் புருவ உயரத்தில், நெருக்கியடித்துக்கொண்டு.

பெரியம்மா கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தித் தோளை அமுக்கினாள். நான் அக்காவின் உயரத்துக்குக் குனிந்தேன். கண்ணாடியில் தெரிந்த என் நெற்றிக்கு நடுவில் சரியாக ஒரு சிவப்புப் பொட்டு வந்து உட்கார்ந்தது.

"பாத்தியா சாமி. அவ இதுக்கு முன்னால நின்னா பொட்டு வெச்சாப்லயே தெரியும். வேண்டாம். இன்னைக்கே எடுத்துப்போடு."

நான் தலையைச் சொறிந்தேன். பெரியம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கெல்லாம் குங்குமந்தான். ஒருத்தி வந்து உள்ளங்கையால ஒரு தொடை தொடைச்சா, போச்சு. இதென்னடா, பசை போட்டுட்டு நிக்குது."



யார் எடுப்பது என்று கேள்வியே வரவில்லை. நாள் முழுக்க ஸ்டிக்கரோடு குடித்தனம் நடத்துகிறவன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள்? ஒட்டுவதுதான் என் வேலை, உரிப்பது இல்லை என்று சொல்லிப்பார்த்தேன். ஒட்டுவதைக் கோணலாக ஒட்டினால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டாள். கோணலாகவே அனுப்பிவிடுவேன் என்ற உண்மையைச் சொல்லமுடியவில்லை.

டெம்போ வருகிறது என்று அன்று நான் லீவு போட்டிருந்தேன். ஏற்பாடு இப்படி. மத்தியானம் சாப்பிட்டபின் அம்மா மாவு மில்லுக்குப் போவாள். பெரியம்மா பின்பக்கம் வேப்பமரத்தடியில் அக்காவை உட்காரவைத்து நிலக்கடலை உடைக்கச் சொல்லுவாள். அதற்குள் நான் வேலையை முடித்துவிடவேண்டும். எடுத்த பொட்டுகளைக் கால் படுகிற இடத்தில் போடக்கூடாது, குப்பையிலும் கூடாது, சாயங்காலம் வாய்க்காலில் கொண்டுபோய் விடவேண்டும் என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். அக்கா நடுவில் வந்துவிடாமல் இருக்க நான் பீரோ இருந்த அக்காவின் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் மிச்சமிருந்த ஒரே தாழ்ப்பாள் அது, அப்பா எதிரே இருக்கிற தைரியத்தில் கழற்றாமல் விட்டது.

பொட்டு சுலபமாக வந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் போதும். பசைதான் வரவில்லை. பொட்டு இருந்த ஒவ்வொரு இடத்திலும் அழுக்கு வெள்ளையில் ஒரு வட்டம் நின்றது. ஈரத்துணியால் தேய்த்தேன்; வட்டம் இழுபட்டு வால் முளைத்தது. சோப்புப் போட்டேன், வால் நீண்டது. பிளேடால் சுரண்டினேன், கண்ணாடியில் கோடு விழுந்தது, என் கட்டைவிரலிலும் விழுந்தது. ரத்தத்தைத் துடைத்த துணியிலிருந்த பஞ்செல்லாம் பசையில் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பு பொட்டு வைத்த கண்ணாடியாக இருந்தது இப்போது அம்மை போட்ட கண்ணாடியாகிவிட்டது. இந்த முகத்தை அக்கா பார்த்தால் பொட்டே தேவலை என்பாள்.

அப்போதுதான் என் அறிவு வேலை செய்தது. அது வேலை செய்கிற நாட்களில்தான் எங்கள் வீட்டில் கெட்டது நடக்கும். கம்பெனியில் மேஸ்திரி எதையும் மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைப்பார். சுவரேறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக்குப் போய், எங்கள் கேனிலிருந்தே ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். வரும்போது பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பெரியம்மாவும் அக்காவும் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி தாழ் போட்டேன்.

மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் பசை கரைந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். தரையில் சொட்டியது, லுங்கியில் சொட்டியது. உரித்த பொட்டுகளை வைக்கக் காகிதம் எடுத்துவர மறந்திருந்தேன். கால் படக்கூடாதே என்று ஒவ்வொன்றாக என் இடது கையில் முழங்கைவரை ஒட்டிக்கொண்டேன். கையில் இடம் போதவில்லை. மிச்சமிருந்த பெரிய சிவப்பை நெற்றியில் வைத்துக்கொண்டேன். சும்மாதான். மீசையும் பொட்டுமாகக் கண்ணாடியில் பார்க்க, கூத்தில் கடைசி வரிசையில் ஆடுகிற தோழிபோல இருந்தது.

கதவில் இடி விழுந்தது.

நடந்ததை எல்லாம் பிற்பாடு கோத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாவு மில்லில் கரண்ட் இல்லை. அம்மா பாதி வழியில் திரும்பிவிட்டாள். வாசலில் கால் வைத்ததும் மண்ணெண்ணெய் வாசம். தன் கையாலேயே ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றிய வாசம். பின்பக்கம் ஓடினாள். பெரியம்மா மரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடலை முறம் மட்டும் இருந்தது. அக்கா இல்லை. சொன்ன வேலையைப் போட்டுவிட்டு நான் ஊர் சுற்றப் போயிருப்பேன் என்பது அம்மாவுக்கு என்மேல் எப்போதும் உள்ள நம்பிக்கை. உள்ளே வந்து அறைக் கதவைத் தள்ளினாள். தாழ்.

அம்மா கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் மறக்காதது. கதவை உடம்பால் மோதினாள். கதவுக்கு வெளியே அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது, பாரம் இழுக்கிற மாட்டின் மூச்சு மாதிரி. 'யாரு' என்று நான் கேட்பதற்குள் மறுபடி மோதினாள். தாழ்ப்பாள் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அம்மா கதவோடு உள்ளே வந்து விழுந்தாள்.

எதிரே, முழங்கைவரை பொட்டும் நெற்றியில் ஒரு பொட்டும் லுங்கி முழுக்க மண்ணெண்ணெயுமாக, அவள் பெற்ற ஆண்பிள்ளை.

என்னை ஒரு முறை பார்த்தாள். அறையின் மூலையெல்லாம் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். இன்னும் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். அவளால் முடியவில்லை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். 'அம்மிணி எங்கடா, அம்மிணி எங்கடா' என்று குரல் இல்லாமல் வாய் மட்டும் அசைந்தது.

அக்கா மொட்டைமாடியில் இருந்திருக்கிறாள். பெரியம்மா தூங்கியதும் வெயில் பார்க்க ஏறினாளாம். எத்தனையோ நாளுக்குப் பிறகு பக்கத்தில் யாரும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாளாம். கதவு உடையும் சத்தம் கேட்டு இறங்கி வந்து வாசற்படியில் நின்றாள். தூக்கம் கலைந்த பெரியம்மா அவளுக்குப் பின்னால்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்; அம்மாவைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான்னு நெனச்சுட்டீங்களாம்மா?"

 பெரியம்மா ஏதோ ஆரம்பித்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த வீட்டில் பெரியம்மாவை யாரும் கை காட்டி நிறுத்தியதில்லை.

"குளிக்கறப்ப வெளியே நின்னுக்கறீங்க. சீமெண்ணெ எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். எல்லாம் தெரியுமுங்மா."

அம்மா தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தாள். "எந்தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணு கண்ணு. அப்படி ஒண்ணும் பண்ணமாட்டேன்னு சொல்லு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அக்கா குனிந்து அந்தக் கைகளை விடுவித்தாள். தரையிலிருந்த மண்ணெண்ணெயைப் பற்றிக் கவலைப்படாமல் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். யோசித்தாள். கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"என்னைக்குமேன்னு எப்படீங்மா சத்தியம் பண்றது? நாளைக்கு எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியலையே. இன்னைக்கு இல்லை. அது தெரியும்."

"நாளைக்கு?"

"நாளைக்குக் காத்தால கேளுங்க, சொல்றேன். பொய் சொல்லமாட்டேன். ஒளிச்சு வெச்சுட்டுப் பின்னாடியே வர்றதுக்குப் பதிலா, வாயத் தொறந்து கேட்டுப்போடுங்க."

பெரியம்மா இதென்ன பேச்சு என்று முணுமுணுத்தாள். நல்ல வார்த்தையாக ஒரு சத்தியம் கேட்டால், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தினம் ஒரு கெட்ட பேச்சா என்றாள். அம்மா மட்டும் மகளின் முகத்தை வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். கேட்டதற்கு மேல் பேசாதவள் அவ்வளவு பேசியதே அம்மாவுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். பசை இருந்த இடமெல்லாம் விரலால் எண்ணெயைத் தொட்டு வைத்து, ஊறட்டும் என்று விட்டாள். ஊறும் நேரத்தில் என் கையிலிருந்த பொட்டுகளைப் பிய்த்தாள். ஒவ்வொன்றும் முடியோடு வந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் கொடுத்தேன். "கண்ணாடியில ஒட்டுனத எடுத்துக் கையில ஒட்டுறவன நான் பாத்ததில்லடா லூசு" என்றாள். கடைசியாக என் நெற்றியில் இருந்ததையும் எடுத்தாள். அதைக் கொஞ்ச நேரம் விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். பெரியம்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். பிறகு அக்கா பழைய துணியால் எண்ணெயை வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பேப்பரைக் கசக்கித் தேய்த்தாள். பசை ஒரு துளி இல்லை. பிளேடு கிழித்த கோடு மட்டும் நின்றுவிட்டது. அது இன்னும் இருக்கிறது. அதை என் கையெழுத்து என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவள் அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் லுங்கி மாற்றப் போய்விட்டேன்.

மறுநாள் காலை காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா நின்றாள்.  டம்ளரை வாங்கியவள்தான், "கேளுங்க" என்றாள். "இன்னைக்கு எப்படி கண்ணு?" என்று அம்மா கேட்டாள். "இன்னைக்கு இல்லீங்மா" என்றாள் அக்கா.

அப்படியே நடந்தது. பெரியம்மா ஊருக்குப் போனாள். அம்மா வெங்காயம் உரிக்கும் வேலையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் கேள்வி, பதில். சில நாள் பதில் உடனே வரும். சில நாள் அக்கா காப்பியைப் பாதி குடித்தபிறகு வரும். அப்படித் தாமதமான நாட்களில் அம்மா கடைக்குப் போகமாட்டாள். நான் பல் தேய்த்துக்கொண்டே அந்தப் பதிலுக்காக நிற்பேன். அந்த வருஷம் என் பற்கள் ஜொலித்தன.

தை கடைசியில் ஒரு காலை அக்கா சொன்னாள்: "தெரியலீங்மா."

அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அக்கா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். நான் பக்கத்துத் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கம்பெனிக்கு போன் போட்டு, எனக்கு வயிற்றுப்போக்கு என்றேன். மேஸ்திரி, ஸ்டிக்கர் ஒட்ட வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்பாவும் அன்று ஷிஃப்டுக்குப் போகவில்லை. நாற்காலியை அறைக்கு உள்ளேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

நாங்கள் நான்கு பேரும் அந்த அறையில் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தோம். அக்கா நடுநடுவே பேசினாள். மச்சான் அன்று சாப்பிடாமல் தோப்புக்குப் போனதைப் பற்றி, தோசைக்கல் காய்வதற்குள் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னதைப் பற்றி. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுபடி எழுந்து அதையே சொன்னாள். நாங்கள் அதையே மறுபடி கேட்டோம். நான் ஒரே ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "முடிஞ்சுதா?" என்று அக்கா கேட்டாள். அது மச்சானின் கேள்வி.  பொழுதோடு அம்மா சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டினாள். அவள் வாயைத் திறந்தாள்.

மறுநாள் காலை அம்மா காப்பியைக் கொண்டுபோனாள். கேட்பதற்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றேன். அக்கா ஒரு வாய் குடித்தாள்.

"இன்னைக்கு இல்லீங்மா," என்றாள். "காப்பிக்குச் சக்கரை பத்தலை."

அம்மா சர்க்கரை டப்பா எடுக்க ஓடினாள்.